கொடுத்துவிட்ட பிள்ளை

அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துக்கொண்டே நீ ஒன்று கேட்டாய். "அம்மா, அன்னைக்கு நீங்களும் முன்னால வருவீங்கல்ல?" நான் இட்லிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், திரும்பவில்லை. நீயும் பதிலுக்குக் காத்திராமல் பையை மாட்டிக்கொண்டு, மலைமேல் இருக்கும் மிஷன் வீட்டுக்குப் போக சத்தியமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். நான் வராமலும் இருக்கலாம் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டாய். உன் அப்பாவிடம் நீ கேட்கவில்லை. அவர் வருவாரா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு சபையார் முன்னால் பீடத்தருகே போய், உன் கையைப் பிடித்து மிஷன் செயலாளரின் கையில் வைத்து, "எங்கள் மகனைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்ல வேண்டும். தாயும் தகப்பனும் சேர்ந்து சொல்ல வேண்டும். அப்படித்தான் முறை. அவர் அந்த வாக்கியத்தைக் குளியலறையில்கூடச் சொல்லிப் பார்க்கிறார். பாதியில் நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்கிறார்.

உன் கேள்விக்கான பதிலை இங்கே எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய். மலை ஜனங்களுக்கு முழுநேர ஊழியம் செய்யப் போவதாகத் தீர்மானம் எடுத்த நாளிலிருந்து உன் முகத்தில் ஒரு பொறுமையான சிரிப்பு குடிவந்திருக்கிறது, அதற்கு முன்னால் எனக்குப் பேச்சு வருவதில்லை. எழுதியதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. உன் அப்பா படிக்கட்டும். நம் சபைப் போதகர் ஐயர் படிக்கட்டும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தை நோக்கி நடக்கத் தயாராகும் வேறு எந்தத் தாயாவது படித்தாலும் சரிதான்.

உனக்கு என்னைத் தெரியும். கல்லூரியில் தாவரவியல் வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவள், வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன். கோயிலுக்கு வருவேன், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பேன், ஜெபத்தின்போது கண்ணை மூடமாட்டேன். சின்ன வயதில் நீ பக்கத்தில் உட்கார்ந்து, நான் கண்ணைத் திறந்திருக்கிறேனா என்று உன் கண்ணைத் திறந்து பார்ப்பாய். ரெண்டு பேரும் பிடிபட்ட திருடர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். உனக்குப் பெயர் வைத்தபோதே எனக்கும் உன் அப்பாவுக்கும் தகராறு. அவருக்கு வேதத்திலிருந்து ஒரு பெயர் வேண்டும், எனக்கு வேண்டாம். அருள் என்றதும் ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அவர் கர்த்தருடைய கிருபை என்று நினைத்துக்கொண்டார். நான் நல்ல தமிழ்ச் சொல் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கை அப்படித்தான் ஓடியது. நீ ஒருவன் நடுவில் நின்றதால் அதில் பெரிய சண்டை இல்லை.

ஐயர் நம் வீட்டுக்கு வந்திருந்தார், உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஆராதனை முறையை விளக்க வந்தார். உன் அப்பா அவருக்கு முறுக்கும் காப்பியும் வைத்துவிட்டு, மில்லில் மேனேஜர் முன்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாம் கேட்டுவிட்டு நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஐயரே, நாங்க அவன் கையப் புடிச்சு அவிங்க கையில குடுத்துடறோம். சரி. நாளைக்கு அவனுக்கு முடியலைன்னு வந்தா, ஆரு ஆருகிட்ட இருந்து திருப்பி வாங்கறதுங்க?"

ஐயர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "புரொபசரம்மா கேள்வி கேக்காம இருந்தாத்தானுங்க ஆச்சரியம். அதெல்லாம் விசுவாசத்துல வர்ற சமாச்சாரமுங்க."

அவர் கேட்டைத் தாண்டுகிற வரையில் உன் அப்பா பொறுத்துக்கொண்டிருந்தார். "ஏம்மணி, வந்த மனுசன்கிட்டப் போயி இப்படியா கேக்கறது? கர்த்தர் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"கர்த்தர் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலீங்க. ஐயருதான் கேட்டாரு."

அதற்கப்புறம் ரெண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் என் கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல, அவருக்கும் அது தெரியும். அந்தக் கேள்வி இன்றும் சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. என் தம்பி, உன் சாமு மாமா. கிறிஸ்துமஸுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கோயில் மணி அடிப்பதற்குள் கிளம்பிவிடும் மாமா. ஏன் அவர் கோயிலுக்கு வருவதில்லை என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். பட்டறையில் வேலை என்று நாங்கள் சொல்லிவந்தோம். பண்டிகை நாளில் எந்தப் பட்டறை திறந்திருக்கும் என்று நீ யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் தாத்தா, என் அப்பா, தாராபுரத்துப் பக்கத்துக் கிராமங்களில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார். அவருடைய அப்பா பண்ணையத்தில் கூலிக்கு நின்றவர். தாத்தாவும் பத்து வயது வரை மாடு மேய்த்தவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்று, உபதேசியார் ஆகி, வெள்ளை ஜிப்பாவும் சைக்கிளும் வாங்கினார். கவுண்டர்கள் வீதி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். அந்த வீதியைத் தாண்டி நம் ஜனங்கள் குடியிருக்கும் வளவுக்குள் நுழைந்தால் "உபதேசியாரு வந்துட்டாருங்க" என்று கட்டிலைத் தட்டிப் போடுவார்கள். ஒரே நாளில் அவர் இரண்டு மனிதராக இருக்க வேண்டியிருந்தது. "ஏண்டா" என்று கூப்பிட்ட ஊரில் அவரை "ஐயா" ஆக்கியது அந்த ஊழியம். அவருக்கு அது வேலையல்ல, தேவன்மேல் அன்பு என்று மட்டும் சொன்னாலும் போதாது. நிமிர்ந்து நிற்க அவருக்குக் கிடைத்த முதுகெலும்பே அதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நீ முடிவு கட்டிவிடக் கூடாது. நானே முப்பது வயதில் அப்படித்தான் முடிவு கட்டினேன். அது சுலபமாக இருந்தது.

எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. சாமு பிறந்தபோதும் மூச்சு ஏறவில்லை, உடம்பு நீலம் பாய்ந்து கிடந்தான். என் அப்பா வாசலில் முழங்காலில் நின்று பொருத்தனை செய்தார். இவன் பிழைத்தால் இவன் உமக்கு, ஊழியத்துக்கு. அவன் பிழைத்தான். அன்றிலிருந்து அவனுக்கு ஊரில் பெயர் பொருத்தனைப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை, பல வீடுகளில் ஒரு பிள்ளை இப்படி இருக்கும். அதற்குத் தனி மரியாதை, தனிக் காவல். மரம் ஏறக் கூடாது, கூத்துப் பார்க்கப் போகக் கூடாது, சண்டை போடக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவனை மடியில் இழுத்து உட்காரவைத்து, "என்னவாகப் போறே கண்ணு?" என்பார்கள். "ஊழியக்காரனுங்க" என்பான். முறுக்கு கிடைக்கும். முறுக்குக்காகச் சொன்னான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பாதி எனக்கு வரும். அவன் மனசு இருந்த இடம் வேறு. தோட்டத்துக் கிணற்றுமேட்டில் ஆயில் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டால் சோற்றை விட்டு எழுந்து ஓடுவான். கரிப்புகையும் எண்ணெயும் பூசிக்கொண்டு வருவான். அம்மா முகத்தைத் துடைத்துவிட்டு, அப்பா வருவதற்குள் சட்டையை மாற்றிவிடுவாள்.

அவனை வேதபாடசாலைக்கு அனுப்பினார்கள், பிறகு வடக்கே மிஷன் ஊழியம் நடக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் சபையில் இதே மாதிரி ஓர் ஆராதனை நடந்தது. அப்பா அவன் கையைப் பிடித்துக் கொடுத்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாளா, உதடு மட்டும் அசைந்ததா என்று யாரும் கவனிக்கவில்லை. நான் அப்போது எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

சில வருஷம் கழித்து அவன் திரும்பி வந்தான். நான் விடுமுறைக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு தாராபுரத்து வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியான வெயிலில் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சள். அடையாளம் தெரியாமல் நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டாய். அப்பா வாசற்படியில் நின்றார்.

"வாப்பா. லீவு எப்ப வரைக்கும்?"

"லீவு இல்லைங்கப்பா. வந்துட்டேன்."

"வந்துட்டேன்னா?"

"எனக்கு முடியலைங்கப்பா. கூப்புட்ட சத்தம் உங்களுக்குத்தான் கேட்டுதுங்க. எனக்குக் கேக்கவே இல்ல. கேக்கும் கேக்கும்னு இத்தன வருசம் இருந்து பாத்துட்டேன்."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் ராத்திரிக்குள் தணிந்து போயிருக்கும். அவர் அழுதார். அழுதுகொண்டே படியை விட்டு நகராமல் நின்றார். "நானு உன்னைய ஆருக்குக் குடுத்தேன்னு உனக்குத் தெரியுமல்லப்பா? குடுத்ததை எந்த மூஞ்சியோட போயி நானு திருப்பி வாங்குவேன்?"

உள்ளிருந்து அம்மா, "ஏனுங்க, புள்ளை நிக்கறானுங்க. ஒரு வாய் சோறாவது" என்றாள்.

"ஊழியக்காரனா வந்திருந்தா எலை போட்டுக் கும்புட்டுச் சோறு போடு. மகன்னு சொல்றதுக்கு அவன் நம்மவனில்ல. அவன் நம்மகிட்ட இல்ல."

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நின்றபடியே குடித்தான். யாரோ வழிப்போக்கன் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போவது மாதிரி இருந்தது. என் அப்பா பொல்லாதவராக இருந்திருந்தால் நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன். அவர் சத்தியமாக நம்பினார். கோயிலுக்குக் கொடுத்த கோழியை யாராவது வீட்டுக்குத் தூக்கி வந்து குழம்பு வைப்பார்களா? அவருக்கு இதுவும் அதுவும் ஒன்றுதான். பரம்பரை பரம்பரையாக அடுத்தவன் களத்தில் கையேந்தி நின்ற குடும்பத்தில் அவர்தான் முதன்முதலாக ஒன்றைக் கொடுத்தவர். அவரிடம் நிலமில்லை, நெல் இல்லை, கொடுப்பதற்கு இருந்தது ஒரு மகன். அந்த ஒரு கொடையையும் திருப்பி வாங்கிவிட்டால் அவர் பழையபடி வாங்குகிறவர் ஆகிவிடுவார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. புரிந்துகொண்டேன், ஆனால் மன்னிக்கவில்லை. ரெண்டும் ஒன்று என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், நம்பாதே.

சாமுவை அன்றே கோயமுத்தூருக்குக் கூட்டிவந்தேன். பஸ்ஸில் நீ அவன் மடியில் தூங்கினாய். உன் அப்பா அவனை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார், டாக்டரிடம் கூட்டிப்போனார். ஆனால் நம் சபை சும்மா இருக்குமா? பின்வாங்கிப்போன ஊழியக்காரர் ஒருவர் நம் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்ததும் பெண்கள் ஐக்கியம் வெள்ளிக்கிழமை தோறும் நம் கூடத்தில் ஜெபக்கூட்டம் வைத்தது. அவன் உள் அறையில் இருப்பான். இவர்கள் வெளியே, அவன் காதில் விழும்படி, "பின்மாறிப்போன அந்தச் சகோதரனை நொறுக்கும் ஆண்டவரே" என்று ஜெபிப்பார்கள். பிறகு காப்பி குடிப்பார்கள். ஒருநாள் கூட்டம் கலைந்ததும் வெளியே வந்து, "அக்கா, நொறுக்குனது போதுமுங்க. ஏற்கெனவே பொடியாத்தான் இருக்கறேன்" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அந்த மாதமே சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் சேர்ந்து, அங்கேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். பெண் கொடுக்க யாரும் வரவில்லை. ஊழியக்காரன் என்றால் சபையில் பெண் கிடைக்கும், லேத்காரன் என்றாலும் கிடைக்கும். ஊழியத்தை விட்டுவந்த லேத்காரனுக்குக் கிடைக்காது.

என் அம்மா வருஷத்துக்கு ரெண்டு தடவை கண் டாக்டரைப் பார்க்கக் கோயமுத்தூர் வருவாள், உனக்கு நினைவிருக்கும். அவள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. சிங்காநல்லூர் ஸ்டாப்பில் இறங்கிவிடுவாள். பட்டறைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து மகனுக்குச் சோறு போடுவாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் நம் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாள். உபதேசியார் வீட்டில் பொய் பேசியவள் அவள் ஒருத்திதான், அதுவும் பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவதற்காக. "டாக்டரு என்ன சொன்னாரு?" என்று அப்பா கேட்பாராம். "கண்ணு நல்லாத்தான் இருக்குதாமுங்க" என்பாளாம். கண்ணு என்று அவள் யாரைச் சொன்னாள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை.

அப்பா இறந்தபோது அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார்கள். எத்தனை ஊர், எத்தனை சபை, எத்தனை ஞானஸ்நானம் என்று வாசித்துக்கொண்டே போய், "தம் ஒரே குமாரனையும் கர்த்தருக்கென்று கொடுத்த தியாகி" என்றதும் சபையே "அல்லேலூயா" என்றது. அந்த ஒரே குமாரன் கோயிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். நான் எழுந்து அவனிடம் போனேன். "கேட்டீங்களாக்கா? என்னையும் சேத்து அடக்கம் பண்ணிப்போட்டாங்களாட்ட இருக்குது" என்றான். அவன் வாழ்க்கையில் அவன் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான் என்று அன்று நினைத்தேன். பெட்டியைத் தூக்க அவனை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. நல்லவர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு தப்பைச் செய்தால் அது இப்படித்தான் இருக்கும், செய்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது.

உன் தீர்மானத்தைப் பற்றி அவனிடம் சொல்லப் போன வாரம் பட்டறைக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான். கையிலிருந்த எண்ணெயைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டான்.

"அவனாக் கேட்டானா, மச்சான் எதாச்சும் பொருத்தனை பண்ணி வெச்சிருந்தாரா?"

"அவனாத்தான். எந்தப் பொருத்தனையும் இல்ல."

"அப்பச் சரி. போகட்டுமுங்க. அந்த மாதிரி எடத்துல கொசு சாஸ்தி. நல்ல வலையா ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஜெபம் பண்றதுக்கு ஊரே இருக்குது, கொசுவலை ஒருத்தரும் தரமாட்டாங்க."

அவ்வளவுதான் பேசினான். என்னை பஸ் ஏற்றிவிட வரும்போது, "ஆராதனை என்னைக்குங்க?" என்று கேட்டான். சொன்னேன். "பட்டறையில வேலை இருக்குது" என்றான். ஞாயிற்றுக்கிழமை, அருள்.

இப்போது உனக்கு. நீ போவதை நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றியது, மறைக்கவில்லை. கம்பெனியில் இப்போதுதான் கம்ப்யூட்டரில் வரைபடம் போடப் பழகினாய். என்னோடு வேலை செய்யும் டீச்சரின் மகன் அமெரிக்கா போகிறான், அவனுக்கு யாரும் பீடத்தருகே ஆராதனை நடத்தவில்லை, பெரிய பெட்டி ரெண்டு வாங்கிக் கொடுத்து ஏர்போர்ட்டில் கையசைத்துவிட்டு வந்தார்கள். பிடிக்கவில்லை என்று அவன் திரும்பி வந்தால் அவனைப் பின்வாங்கிப்போனவன் என்று எவரும் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவுக்கு இருக்கிற தாராளம் கர்த்தருக்கு இல்லையா என்று நான் கேட்டால் உன் அப்பா காதைப் பொத்திக்கொள்கிறார்.

உன் ஊழியம் பொய் என்று நான் நினைக்கவில்லை. நீ மலையில் இருந்து வரும்போதெல்லாம் அங்குள்ள பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பேசுகிறாய். ஒருத்திக்குக் காது சீழ் வடிவதையும் இன்னொருத்தன் கணக்கில் கெட்டி என்பதையும் சொல்கிறாய். ஆத்துமாக்கள் என்று இதுவரை சொல்லவில்லை. சொல்லத் தொடங்கும் நாளில் எச்சரிக்கையாக இரு. மிஷன் பத்திரிகைக்கு மாதாமாதம் எழுதச் சொல்வார்கள். அந்த ஜனங்களை இருளில் கிடப்பவர்கள் என்று எழுதாதே. நம்மைப் பற்றியும் ஒரு காலத்தில் அப்படி எழுதினார்கள். உன் தாத்தாவின் அப்பாவைக் கோவணத்தோடு நிறுத்திப் படம் எடுத்து எங்கோ ஒரு நாட்டில் அச்சடித்தார்கள். அவர் நல்ல வேட்டி ஒன்று வைத்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவர் சொன்னதற்கு வேண்டாம் என்றார்களாம். நீ படம் எடுத்தால், அவர்கள் வேட்டி மாற்றிக்கொண்டு வரும் வரைக்கும் காத்திரு.

பசித்தால் பசிக்கிறது என்று சொல். காய்ச்சல் வந்தால் சோதனை என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்காதே, கீழே இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் டாக்டரைப் பார், எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குப் போன் செய். கல்யாணம் செய்துகொண்டால் அவளை ஊழியத்துக்குத் துணை என்று யாருக்கும் அறிமுகம் செய்யாதே, அவள் பெயரைச் சொல். பிள்ளை பிறந்தால், அது மூச்சுவிடாமல் நீலம் பாய்ந்து கிடந்தாலும், அதன் தலைமேல் எந்தப் பொருத்தனையும் செய்யாதே. உனக்குச் சொந்தமானதை மட்டும் கொடு. உன் காலை, உன் தூக்கத்தை, உன் வருஷங்களைக் கொடு. இன்னொருவர் உயிரைக் கொடுத்துவிட்டு அதைத் தியாகம் என்று சொல்கிற வழக்கம் நம் குடும்பத்தில் சாமுவோடு நிற்கட்டும். வேதத்தில் இதற்கு எதிராக எத்தனை சாட்சி காட்ட முடியும் என்று எனக்குத் தெரியும். காட்டாதே, நான் உபதேசியார் மகள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அன்றைக்கு நான் கோயிலுக்கு வருவேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பெற்றோரே வாருங்கள் என்று ஐயர் கூப்பிடும்போது உன் அப்பா எழுந்து போவார். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும், அதில் அவருக்குச் சந்தோஷம் இருக்கிறது, அதைக் கெடுக்க எனக்கு உரிமையில்லை. நான் எழுந்திருக்க மாட்டேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். புரொபசரம்மாவுக்கு விசுவாசம் இல்லை என்று வாசலில் பேசுவார்கள், வெள்ளிக்கிழமை என்னையும் நொறுக்கச் சொல்லி ஜெபிப்பார்கள். காப்பி நானே போட்டுக் கொடுக்கிறேன். நீ வெட்கப்படுவாய், எனக்குத் தெரியும். தாய் உட்கார்ந்தே இருக்கிறாளே என்று உன் முகம் சிவக்கும். அதைப் பொறுத்துக்கொள். இந்த ஊழியத்தில் நீ என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டிய முதல் கஷ்டம் அது.

உட்கார்ந்திருப்பது உனக்கு விரோதமாக அல்ல. என் அம்மா அன்று எழுந்துபோய் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். அவளையும் சேர்த்துத்தான் "கொடுத்துவிட்டோம்" ஆயிற்று. அதனால் அவள் மகனுக்கு அந்த வீட்டில் திரும்பி வரக் கதவு இல்லாமல் போனது, மிச்ச ஆயுளுக்கெல்லாம் டீக்கடை பெஞ்சில்தான் அவனுக்குச் சோறு போட முடிந்தது. அவளும் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.

மிஷன் வீடு உன்னை வேண்டாம் என்று சொல்லும் நாள் வரலாம், உனக்கே அது வேண்டாம் என்று ஆகும் நாளும் வரலாம். கூப்பிட்ட சத்தம் ஒருநாள் நின்றும் போகலாம். அப்படி ஒரு நாள் வராமலே போகட்டும், நீ அங்கேயே கிழவனாகி அந்த ஜனங்களின் நடுவில் நிம்மதியாகச் சாகவும் செய். ஆனால் நீ திரும்பி வந்தால், தகரப் பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு யாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. உன் அப்பா என்ன சொன்னாலும், ஐயர் என்ன சொன்னாலும், உள்ளே வந்து கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார். ஏன் வந்தாய் என்று நான் கேட்கமாட்டேன். உன்னைக் கொடுக்காதவள் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள்.

அம்மா